சீட்டும் சரக்கும்

சென்ற திங்களில் ஒரு மாலை, பூசை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், தாய் ஒருவர் நம்மைக் காண வந்தார். கையில் மருத்துவமனை உறை ஒன்று இருந்தது. அவருடைய மகனுக்கு வயது பதின்மூன்று. ஓராண்டாகத் தலைவலியும் வாந்தியும், இடையிடையே வலிப்பு, ஒருமுறை சில நாட்கள் பார்வை பாதியாகக் குறைந்து மீண்டதாம். பல சோதனைகளுக்குப் பின் மருத்துவர்கள் நோயின் காரணத்தைக் கண்டுபிடித்து எழுதியிருந்தனர். "கடத்தும் ஆர்.என்.ஏ." என்ற பெயரும், "3243" என்ற எண்ணும், "தாய்வழி மரபு" என்ற சொல்லும் அத்தாளில் இருந்தன.

முதல் இரண்டும் அவர் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. மூன்றாவது மட்டும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

"சாமி, எல்லாம் என் வழியாகத்தான் வந்ததாம். வீட்டில் எவரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பார்க்கும் பார்வையே வேறாகிவிட்டது. நான் என்ன குற்றம் செய்தேன்?" என்று கேட்டார்.

குற்றம் ஏதும் இல்லை அம்மா என்று அன்று ஆறுதல் கூறி அனுப்பினோம். ஆயினும் அந்த ஆறுதல் நமக்கே நிறைவளிக்கவில்லை. காரணம் காட்டாத ஆறுதல், வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் கரைந்துவிடும் அன்றோ? ஆகவே நூல்களைப் புரட்டினோம்; மருத்துவ அன்பர் ஒருவரிடமும் கேட்டுத் தெளிந்தோம். அவ்வாறு அறிந்ததை, அத்தாயின் இசைவுடன், இத்திங்கள் நம் பகுதியில் எழுதுகிறோம். பொருள் சற்றுக் கடினமானது. பொறுமையுடன் உடன் வருமாறு வாசக அன்பர்களை வேண்டுகிறோம்.

புரதம் என்றவுடன் பருப்பும் முட்டையும் மீனும் நினைவுக்கு வரும். நாம் உண்ணும் புரதம் குடலில் செரித்து, அமினோ அமிலங்கள் என்னும் சிறு சிறு துண்டுகளாகப் பிரிகின்றது. அத்துண்டுகளை எடுத்து, நம் உடலிலுள்ள ஒவ்வோர் உயிரணுவும் தனக்கு வேண்டிய புதிய புரதங்களைக் கோத்துக்கொள்கிறது. தசையும் புரதம், தலைமுடியும் புரதம், இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினும் புரதம், சர்க்கரையை அடக்கி ஆளும் இன்சுலினும் புரதமே. இவை அனைத்தும் ஏறத்தாழ இருபது வகை அமினோ அமிலங்களை வெவ்வேறு வரிசையில் கோத்த மாலைகளே.

வரிசைதான் இங்கு எல்லாம். ஹீமோகுளோபினில் உள்ள ஒருவகை மாலையில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் ஆறாவது இடத்தில் இருக்க வேண்டிய குளுட்டாமிக் அமிலத்திற்கு மாற்றாக வாலின் அமர்ந்துவிட்டால், அரிவாள் போல் வளைந்த இரத்த அணுக்கள் தோன்றும் கொடிய சோகைநோய் உண்டாகின்றது. 146இல் ஒன்று மாறியதன் விளைவு அது.

இந்த வரிசை எங்கே எழுதப்பட்டுள்ளது? உயிரணுவின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் எழுதப்பட்டுள்ளது. மூல ஏட்டை எவரும் வெளியே எடுத்துச் செல்வதில்லை. வேண்டிய பகுதிக்கு மட்டும் ஒரு படி எடுக்கப்படுகிறது. அப்படிக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். அது உட்கருவை விட்டு வெளியேறி, ரைபோசோம் என்னும் நுண்ணிய தொழிற்கூடத்தை அடைகிறது. அங்கேதான் மாலை கோக்கும் வேலை நடைபெறுகின்றது.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. தூது ஆர்.என்.ஏ.வில் உள்ள எழுத்துகள் நான்கே: ஏ, யூ, ஜி, சி. மூன்று மூன்று எழுத்துகளாக வாசித்தால் 64 சொற்கள் கிடைக்கும். அவற்றுள் 61 சொற்கள் ஏதேனும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிப்பவை. எஞ்சிய மூன்றும் "இத்துடன் நிறுத்துக" என்னும் முற்றுப்புள்ளிகள். ஆனால் எழுத்துகளுக்கும் அமினோ அமிலங்களுக்கும் உருவிலோ குணத்திலோ ஒற்றுமை எதுவும் கிடையாது. யூ-ஜி-யூ என்ற சொல்லின் அருகே சிஸ்டீன் என்ற அமிலம் வந்து நின்றால், இரண்டும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளா. ஒருவர் பேசும் மொழி மற்றவருக்குத் தெரியாத இரு நாட்டார் எதிரெதிரே நிற்பது போன்ற நிலை.

இருவருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்று 1955ஆம் ஆண்டிலேயே ஊகித்தவர் இங்கிலாந்து நாட்டின் பிரான்சிஸ் கிரிக். டி.என்.ஏ.யின் முறுக்கிய ஏணி வடிவத்தை 1953இல் வாட்சனுடன் சேர்ந்து வெளியிட்டவர் அவரே. ஒரு முனையில் அமினோ அமிலத்தைத் தாங்கியும், மறுமுனையால் தூது ஆர்.என்.ஏ.வின் சொல்லைப் படித்தும், இரண்டையும் இணைக்கின்ற சிறு பொருள் ஒன்று உயிரணுவில் இருக்க வேண்டும் என்று தம் நண்பர் குழுவுக்குச் சுற்றுக்கு விட்ட குறிப்பு ஒன்றில் அவர் எழுதினார். அதைக் கண்ணால் கண்டவர் அப்போது எவரும் இலர்.

அதே காலத்தில், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் பால் சமெக்னிக், மாலன் ஹோக்லண்ட் ஆகியோர் வேறொரு வழியில் அதே இடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தனர். எலியின் ஈரலை அரைத்து, அதனுள் கதிரியக்கம் ஏற்றிய அமினோ அமிலத்தைச் சேர்த்து, அது எங்கெங்கே போகிறது என்று பின்தொடர்ந்தனர். அமிலம் நேரே புரதத்தில் போய்ச் சேரவில்லை. முதலில் மிகச் சிறிய ஆர்.என்.ஏ. ஒன்றன்மேல் ஏறிக்கொண்டது, பின்னரே புரதத்தில் இறங்கியது. 1958இல் அவர்கள் இதனை விரிவாக வெளியிட்டனர். கிரிக் மனத்தால் கண்டதை இவர்கள் குப்பியில் கண்டனர். அதுவே இன்று கடத்தும் ஆர்.என்.ஏ. எனப்படுகின்றது.

அதன் எழுத்துகளை முதன்முதலில் முழுமையாக வாசித்தவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹாலி. ரொட்டி புளிக்க வைக்கும் ஈஸ்ட்டை மூட்டை மூட்டையாக எடுத்துப் பிரித்து, பல ஆண்டு உழைப்பின் பயனாக, அலனின் என்னும் அமிலத்தைச் சுமக்கும் கடத்தும் ஆர்.என்.ஏ.வை ஏறத்தாழ ஒரு கிராம் அளவே அவரும் தோழரும் தூய்மையாகப் பெற்றனர். அதனைத் துண்டு துண்டாக வெட்டி, எழுத்துக் கூட்டி, 77 எழுத்துகளையும் 1965இல் வெளியிட்டனர்.

அந்த 77 எழுத்துகளையும் ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொன்றாகக் கோத்துச் செயற்கை மரபணுவாகவே செய்து காட்டியவர் நம் நாட்டுப் பிறவியான ஹர் கோவிந்த் குரானா. அன்றைய பஞ்சாபில், இன்று பாகிஸ்தானில் உள்ள ராய்ப்பூர் என்னும் சிற்றூரில், கிராமக் கணக்கரின் மகனாகப் பிறந்தவர் அவர். நூறு பேர் அளவே வாழ்ந்த அவ்வூரில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் ஏறக்குறைய அவருடையது ஒன்றே. எந்த மூன்றெழுத்துச் சொல் எந்த அமிலத்தைக் குறிக்கும் என்னும் அகராதியை முடித்துத் தந்த பணியிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1968ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஹாலி, குரானா, மார்ஷல் நிரன்பர்க் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. செயற்கை மரபணுச் செய்தி அதன்பின் 1970இல் வந்தது.

கடத்தும் ஆர்.என்.ஏ. எவ்வாறு இருக்கும்? 1974ஆம் ஆண்டளவில் அதன் படிகத்தின்மீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி ஆராய்ந்தபோது, மடித்த முழங்கை போன்ற வடிவம் தெரிந்தது. தோள்முனையில் அமினோ அமிலம் ஒட்டிக்கொள்ளும் இடம். எல்லாக் கடத்தும் ஆர்.என்.ஏ.க்களுக்கும் அம்முனை சி-சி-ஏ என்றே முடிகின்றது. விரல்முனையில் மூன்று எழுத்துகள். அவற்றை எதிர்க்குறி என்பர். தூது ஆர்.என்.ஏ.வின் சொல்லோடு இணைகூடிப் பொருந்துபவை அவையே. சரக்கு ஒரு முனையில், சீட்டு மறுமுனையில். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்; பின்வரும் செய்திக்கு இதுவே திறவுகோல்.

இனி வேலை நடக்கும் விதத்தைக் காண்போம். ரைபோசோமில் கடத்தும் ஆர்.என்.ஏ. அமர மூன்று இருக்கைகள் உள்ளன. சரக்கேற்றி வருபவர் முதல் இருக்கையில் அமர்வார். அவருடைய சீட்டு, தூது ஆர்.என்.ஏ.வின் சொல்லோடு பொருந்துகிறதா என்று பார்க்கப்படும். பொருந்தினால், அதுவரை கோத்த மாலை முழுவதும் அடுத்த இருக்கையிலிருப்பவரிடமிருந்து இவருடைய அமிலத்தின்மேல் மாற்றிக் கட்டப்படும். பின்பு அனைவரும் ஓர் இடம் நகர்வர். வெறுங்கையரானவர் மூன்றாம் இருக்கை வழியே வெளியேறி, மீண்டும் சரக்கேற்றிக்கொள்ளச் செல்வார். நம் உடலின் உயிரணுக்களில் நொடிக்கு ஐந்தாறு அமிலங்கள் இவ்வாறு சேர்கின்றன. ஹீமோகுளோபினின் 146 மணி மாலை அரை நிமிட அளவில் முடிந்துவிடும்.

சீட்டுப் பொருத்தத்தை ரைபோசோம் எத்துணை நுட்பமாகப் பார்க்கிறது என்பதைப் படம் பிடித்துக் காட்டியவர்களுள் ஒருவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 1952இல் சிதம்பரத்தில் பிறந்தவர். பரோடாவில் வளர்ந்து படித்தவர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்தவர். ரைபோசோமின் உருவையும் செயலையும் கண்டறிந்தமைக்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசை தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். சொல்லும் எதிர்க்குறியும் சரியாக இணைந்தனவா என்பதை ரைபோசோமின் சில எழுத்துகளே வெளியே புரண்டு வந்து, அவ்விணைப்பின் பள்ளத்தில் படிந்து, தடவிப் பார்க்கின்றன என்று அவருடைய குழு காட்டியது. சிறிது பிசகினும் அந்தப் படிதல் நிகழாது. வந்தவர் திருப்பி அனுப்பப்படுவார்.

நிற்க. சீட்டை இவ்வளவு கூர்ந்து பார்க்கும் ரைபோசோம், சரக்கையும் பார்க்கிறதா?

இக்கேள்விக்கு 1962இல் ஒரு சோதனை விடை தந்தது. சப்பவில், லிப்மன் முதலிய அறிஞர்கள் சிஸ்டீன் என்னும் அமிலத்தை அதற்குரிய கடத்தும் ஆர்.என்.ஏ.வின்மீது முறைப்படி ஏற்றச் செய்தனர். பிறகு நிக்கல் கலந்த ஒரு பொருளைக் கொண்டு, ஏறிய இடத்திலேயே சிஸ்டீனிலுள்ள கந்தகத்தைப் பறித்துவிட்டனர். கந்தகம் போனால் சிஸ்டீன் அலனினாக மாறிவிடும். ஆக, சீட்டு சிஸ்டீனுடையது, சரக்கோ அலனின். இதனை ரைபோசோமிடம் கொடுத்தபோது என்ன நடந்தது? சிஸ்டீன் அமர வேண்டிய இடத்தில் அலனின் போய் அமர்ந்தது. ரைபோசோம் சற்றும் தயங்கவில்லை.

இரயில் நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் மூட்டையின்மேல் ஒட்டிய சீட்டைப் பார்த்துத்தான் ஊர் ஊராகப் பிரித்து ஏற்றுவார்கள். மூட்டைக்குள் அரிசி இருக்கிறதா, தவிடு இருக்கிறதா என்று அவிழ்த்துப் பார்ப்பதில்லை. ரைபோசோமின் நிலையும் பெரும்பாலும் அதுவே. அப்படியானால், சரக்கும் சீட்டும் பொருந்தியிருக்கின்றன என்ற உறுதி, மூட்டை கட்டிய இடத்திலேயே கிடைத்தாக வேண்டும்.

அந்தப் பொறுப்பை ஏற்றிருப்பவை ஒருவகை நொதிகள். ஏற்றுநொதி என்று அவற்றை அழைப்போம். ஒவ்வோர் அமினோ அமிலத்திற்கும் உரிய ஏற்றுநொதி உண்டு. தன் அமிலத்தையும் அதற்குரிய கடத்தும் ஆர்.என்.ஏ.வையும் அடையாளம் கண்டு, உயிரணுவின் ஆற்றலைச் செலவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றிவிடுவது அதன் வேலை. மரபு மொழியின் அகராதி ஏட்டில் இல்லை. இந்நொதிகளின் கைகளில்தான் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

வேலை எளிதன்று. ஐசோலூசின், வாலின் என்ற இரு அமிலங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் உடன்பிறந்த இரட்டையர் போன்றவை. ஐசோலூசினில் ஒரு கரியணுவும் இரு நீரக அணுக்களும் கூடுதல், அவ்வளவே. பெரியதற்கென்று செய்த குழியில் சிறியது எளிதாக நுழைந்துவிடும். ஐந்து முறைக்கு ஒருமுறையேனும் தவறு நேரக்கூடும் என்று லைனஸ் பாலிங் என்ற வேதியியல் மேதை கணக்கிட்டார். உயிரணுவில் அளந்து பார்த்தபோதோ, தவறு ஏறத்தாழ மூவாயிரத்துக்கு ஒன்றாகத்தான் இருந்தது.

எப்படி? ஏற்றுநொதியில் இரு சல்லடைகள் உண்டு. முதற் சல்லடை தன் அமிலத்தைவிடப் பெரியவற்றை உள்ளே விடாது. ஆனால் சிறியது நுழைந்துவிடும். நுழைந்த சிறியது இரண்டாவது சல்லடைக்குள் விழும். அங்கே அது வெட்டி விடுவிக்கப்படும். உரிய அமிலமோ இரண்டாவது குழியில் நுழைய இயலாத அளவு பெரியது, ஆதலால் தப்பிவிடும். வீட்டில் மாவு சலிக்கும் தாய்மாருக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை.

இச்சோதனைச் சாவடி பழுதானால் நேர்வது என்ன என்பதை 2006இல் வெளியான எலி ஆய்வு ஒன்று காட்டியது. அலனின் ஏற்றுநொதியின் திருத்தும் திறன் சிறிதளவே குன்றிய எலிகளில், சிறுமூளையின் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிந்தன, நடை தள்ளாடியது. திறன் முற்றும் போய்விடவில்லை. சிறிது குறைந்தது, அவ்வளவே. தவறாக ஏறிய சரக்கு தவறான மாலைகளைத் தந்தது. அவை நாளடைவில் நரம்பணுக்களில் குப்பையாகச் சேர்ந்தன.

இப்போது நம் பங்குத் தாயின் வினாவுக்கு வருவோம்.

நம் உயிரணுக்களின் உட்கருவிற்கு வெளியே, மைட்டோகாண்டிரியா எனப்படும் நுண்ணிய உலைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. உணவையும் பிராணவாயுவையும் சேர்த்து ஆற்றலாக்கித் தருபவை அவை. மூளைக்கும் தசைக்கும் செவிக்கும் ஆற்றல் மிகுதியாக வேண்டும். ஆகவே உலை மங்கினால் முதலில் வருந்துபவையும் அவையே. இவ்வுலைகளுக்கென்று தனியே ஒரு சிறிய டி.என்.ஏ. உண்டு. அதன் நீளம் 16,569 எழுத்துகள். அதில் 37 மரபணுக்கள். அவற்றுள் 22, கடத்தும் ஆர்.என்.ஏ.க்களைச் செய்வதற்கே உரியவை. பாதிக்கு மேல் சுமைதூக்கிகளுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதிலிருந்தே அவற்றின் இன்றியமையாமை விளங்கும்.

அந்தச் சிறிய டி.என்.ஏ.யில் 3243ஆம் எழுத்து, லூசின் என்ற அமிலத்தைச் சுமக்கும் கடத்தும் ஆர்.என்.ஏ. ஒன்றின் மரபணுவில் அமைந்துள்ளது. அங்கே ஏ இருக்க வேண்டும். சிலரிடம் அது ஜி ஆகியிருக்கின்றது. இம்மாற்றத்திற்கும், வலிப்பும் பக்கவாதம் போன்ற தாக்குதல்களும் கூடிய நோய்க்கும் உள்ள தொடர்பை 1990இல் கோட்டோ, நோனாகா, ஹொராய் என்னும் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தனர். அதே எழுத்து மாற்றம் வேறு சிலரிடம் நீரிழிவாகவும் செவிட்டுத்தன்மையாகவும் வெளிப்படுவது 1992இல் தெரியவந்தது.

ஓர் எழுத்து ஏன் இவ்வளவு செய்கிறது? உலைக்குள் 22 சுமைதூக்கிகளே இருப்பதால், ஒருவரே பல சொற்களைப் படித்தாக வேண்டும். இந்த லூசின் சுமைதூக்கி யூ-யூ-ஏ, யூ-யூ-ஜி என்ற இரண்டையும் படிக்கும் பொறுப்புடையது. இரண்டாவதைச் சரியாகப் படிப்பதற்கு, அதன் எதிர்க்குறியின் ஓர் எழுத்தின்மேல் டாரின் என்ற பொருள் அணியாக ஏற்றப்பட வேண்டும். 3243ஆம் எழுத்து மாறியவரிடம் அந்த அணி சரிவர ஏறுவதில்லை என்று ஜப்பானிய அறிஞர்கள் பின்னர் காட்டினர். யூ-யூ-ஜி வரும்போதெல்லாம் வாசிப்புத் தடுமாறுகிறது, மாலை கோக்கும் வேலை தேங்குகிறது, உலை மங்குகிறது. சுமைதூக்கியின் ஒரு சிறு அணிகலன் இல்லாமையால் ஒரு சிறுவனின் மூளை ஆற்றலின்றித் தவிக்கிறது.

இனி "தாய்வழி" என்ற சொல். கருவுறும்போது தந்தையின் விந்தணு உட்கருவைத் தருகின்றது. அதனுடன் வரும் சில மைட்டோகாண்டிரியாக்கள் முட்டைக்குள் அழிக்கப்பட்டுவிடுகின்றன. குழந்தையின் உலைகள் யாவும் தாயின் முட்டையிலிருந்தே வருகின்றன. அத்தாய்க்கு அவருடைய தாயிடமிருந்து. அவருக்கு அவர் தாயிடமிருந்து. உங்களுடைய, எம்முடைய, அந்த வீட்டில் முகம் திருப்பிக்கொண்ட ஒவ்வொருவருடைய உலைகளும் அவரவர் தாய் கொடுத்தவையே. நாம் மூச்சு விடுவதும் நடப்பதும் சிந்திப்பதும் தாய் தந்த அந்த நெருப்பைக் கொண்டுதான். குறை வந்த ஒரு நாள் மட்டும் "தாய்வழி" என்று சுட்டுவது நேர்மையாகுமா?

அடுத்து, அத்தாய் நலமாயிருக்க மகன் மட்டும் நோயுறுவானேன்? ஓர் உயிரணுவில் இந்தச் சிறிய டி.என்.ஏ. நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான படிகளாக இருக்கும். எல்லாப் படிகளும் மாறியிருப்பதில்லை; சிலவற்றில் ஏ, சிலவற்றில் ஜி. மாறியவற்றின் பங்கு குறைவாயிருந்தால் மற்றவை வேலையைத் தாங்கிக்கொள்ளும். பங்கு மிகுந்தால் தாங்கா. தாயின் உடலில் முட்டைகள் உருவாகும்போது, அந்தப் படிகளுள் ஒரு சிறு பகுதியே ஒவ்வொரு முட்டைக்கும் மூலமாகின்றது. குடத்திலுள்ள கலந்த விதைகளிலிருந்து கண்ணை மூடிக் கைப்பிடி அள்ளுவது போன்றது அது. ஒரு பிடியில் பதர் மிகுதியாக வரும். மற்றொரு பிடியில் வரவே வராமலும் போகும். அதனால்தான் ஒரு வயிற்றுப் பிள்ளைகளிலேயே ஒருவர் நோயுற, மற்றவர் நலமாயிருக்கின்றனர். அள்ளும் கை தாயினுடையதன்று. அத்தாய் தம் அன்னையின் கருவில் இருந்த நாட்களிலேயே அவருடைய முட்டைகள் உருவாகத் தொடங்கிவிட்டன. பிறக்குமுன் நடந்த ஒன்றுக்கு எவர் பொறுப்பாவார்?

இம்மாற்றம் அவ்வளவு அரிதும் அன்று. மேலை நாடுகள் சிலவற்றில் பொதுமக்களிடையே நடத்திய ஆய்வுகளில், சில நூறு பேருக்கு ஒருவர் சிறு அளவிலேனும் இதனைத் தாங்கியிருப்பது தெரிந்தது. அவர்களுள் பலர் அதனை அறியாமலே வாழ்கின்றனர்.

பிறவியிலே பார்வையற்றவரைக் கண்டபோது, இது யார் செய்த பாவத்தின் பயன் என்று சீடர்கள் வினவியதையும், ஆண்டவர் அக்கேள்வியையே ஏற்க மறுத்ததையும் நாம் ஆண்டுதோறும் வாசிக்கக் கேட்கிறோம். கேட்டுவிட்டு வீடு திரும்பி, மருமகளிடம் அதே கேள்வியைக் கண்களால் கேட்பது நமக்குத் தகுமா?

செய்ய வேண்டியது வேறு உண்டு. இந்நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் வலிப்பைக் கட்டுப்படுத்தவும், சர்க்கரையைச் சீராக்கவும், செவித்திறன் குறைந்தால் கருவி பொருத்தவும் வழிகள் உள்ளன. ஒரு வீட்டில் இம்மாற்றம் ஒருவரிடம் கண்டறியப்பட்டால், தாய்க்கும், உடன்பிறந்தோருக்கும், தாயின் சகோதர சகோதரிகளுக்கும் சர்க்கரை, செவித்திறன், இதயம் ஆகியவற்றைச் சோதித்துப் பார்ப்பது நன்று என்பர் மருத்துவர். வலிப்புக்கான மருந்துகளுள் சில இத்தகையோருக்கு ஒவ்வாதவை. ஆதலால் எந்த மருத்துவரிடம் சென்றாலும் நோயின் பெயரை முதலில் கூறிவிட வேண்டும். நோயுற்ற மகன் வளர்ந்து மணம் புரிந்தால் அவன் பிள்ளைகளுக்கு இது செல்லாது என்பதையும், மகள்களைப் பொறுத்தமட்டில் மரபியல் மருத்துவரின் ஆலோசனை தேவை என்பதையும் தெரிந்துகொள்ளுதல் நலம்.

இவற்றையெல்லாம் எழுதி முடிக்கும் முன்னர் அத்தாயை மறுபடியும் வரச்சொல்லி விளக்கினோம். இம்முறை அவருடைய மாமியாரும் உடன் வந்திருந்தார். சீட்டையும் சரக்கையும் பற்றி நாம் சொன்னதில் எவ்வளவு அவருக்கு விளங்கியது என்று நமக்குத் தெரியாது. குடத்து விதையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் தலையை மெல்ல அசைத்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

எழுந்து புறப்படும் வேளையில், "அப்படியானால் இவளுக்கும் சர்க்கரை பார்க்க வேண்டுமா, சாமி?" என்று கேட்டார்.

வேண்டும் என்றோம்.

"நானே அழைத்துப் போகிறேன்" என்று சொல்லி, மருமகளின் கையிலிருந்த மருத்துவமனை உறையைத் தாமே வாங்கிக்கொண்டு நடந்தார்.